கோளம் முந்தி, தளம் பிந்தி

பள்ளியில் முக்கோணவியல் கொடிக்கம்பத்தில் தொடங்குகிறது. கம்பத்தின் அடியிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அதன் உச்சி 30 பாகை ஏற்றக் கோணத்தில் தெரிகிறது, உயரம் என்ன? அடுத்து கலங்கரை விளக்கம், கப்பல், ஆற்றின் அகலம் என்று கணக்குகள் வரிசையாக வரும். எல்லாம் தட்டையான தளத்தில் நடப்பவை. கோளத்தின் மேற்பரப்பிலும் முக்கோணம் வரையலாம், அதற்கும் சைன் விதியும் கோசைன் விதியும் உண்டு என்பது வானியலோ நில அளவையோ படிக்கப் போனவர்களுக்கு மட்டுமே தெரியவரும். ஆகவே தள முக்கோணவியல்தான் அடித்தளம், கோள முக்கோணவியல் பின்னாளில் அதன்மேல் எழுப்பிய மாடி என்று நினைத்துக்கொள்கிறோம். பழைய பாடநூல்களைப் புரட்டினால் நடந்தது நேர்மாறு என்று தெரிகிறது. கோளத்துக்காகத்தான் இந்தக் கணக்கே பிறந்தது. தளம் அதற்கு ஏறும் படிக்கட்டாக உள்ளே வந்தது.

காரணம் எளிது. வயலை அளப்பவருக்குச் சைன் அட்டவணை தேவைப்படவில்லை. கயிறும் கோலும் இருந்தன. நிலத்தின் முக்கோணத்தை மணலில் சிறிதாக வரைந்து விகிதம் எடுத்தால் போதும், மீதியை ஒத்த முக்கோணங்கள் பார்த்துக்கொள்ளும். வானத்தில் இந்த வித்தை பலிக்காது. இன்று இந்த ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று கேட்டால், அதற்கு விடை சொல்லும் முக்கோணத்தின் மூன்று முனைகள் வான்துருவம், நம் தலைக்கு நேர்மேலே உள்ள உச்சிப்புள்ளி, சூரியன். பக்கங்கள் மூன்றும் பெருவட்டங்களின் விற்கள். துருவத்தில் அமையும் கோணம்தான் நேரம். இதைத் தட்டையான பலகையில் அளவு மாறாமல் வரைய முடியாது, கணக்கிட்டே தீரவேண்டும்.

கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த மெனலாவோஸ் கோளவியல் பற்றி மூன்று பாகங்களில் எழுதிய நூலில்தான் பெருவட்ட விற்களால் ஆன முக்கோணம் தனிப்பொருளாகப் பேசப்படுகிறது. கிரேக்க மூலம் தொலைந்துவிட்டது. அரபு வழியாகத்தான் நூல் பிழைத்தது. அவருக்கு அரை நூற்றாண்டு கழித்துத் தாலமி தம் 'அல்மஜெஸ்ட்'டின் தொடக்கத்திலேயே அரைப்பாகை இடைவெளியில் நாண் அட்டவணை ஒன்றைத் தருகிறார், மெனலாவோஸின் தேற்றத்தையும் தருகிறார், பிறகு கோள்களுக்குப் போய்விடுகிறார். 499-இல் ஆரியபட்டர் முழு நாணை விட்டு அரை நாணைப் பிடித்தார். 3438 ஆரம் கொண்ட வட்டத்துக்கு, 3 பாகை 45 கலை (60 கலை ஒரு பாகை) இடைவெளியில் 24 ஜ்யாக்கள். நாம் இன்று சைன் என்பது இதன் வழிவந்தது. ஆனால் அங்கும் அது வானியல் நூலின் ஓர் அங்கம்தான். கணக்கு இருந்தது, கருவி இருந்தது, பாடநூல் இல்லை. சமையலறையில் அரிவாள்மணை இருப்பதுபோல அது ஓரமாக இருந்தது. வேலை முடிந்ததும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தனிப் பாடமாக்கும் முயற்சி அரபு மொழியில் தொடங்கியது. மெனலாவோஸின் தேற்றம் ஆறு விற்களைப் பிணைப்பது. ஐந்து தெரிந்தால்தான் ஆறாவது கிடைக்கும். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் நான்கு அளவுகளே போதும் என்ற நிலை வந்தது. பக்கத்தின் சைனும் எதிர்க்கோணத்தின் சைனும் ஒரே விகிதத்தில் அமையும் என்ற கோளச் சைன் விதி அது. அதை முதலில் கண்டது அபுல் வஃபாவா, அபூ நஸ்ர் மன்சூரா, குஜந்தியா என்ற சண்டையை அல்பிரூனி விவரமாகவே எழுதி வைத்திருக்கிறார். பதினோராம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் ஹயேன் ஊரைச் சேர்ந்த இப்னு முஆத், கோளத்தின் அறியாத விற்களைக் கண்டுபிடிப்பது பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதினார். 1260-ஐ ஒட்டி மராகா வான்காட்சியகத்தின் தலைவர் நசீர் அல்தீன் அல்தூசி ஐந்து பாகங்களில் எழுதிய நூல் அதைவிட முழுமையானது. தள முக்கோணம், கோள முக்கோணம், செங்கோண வகைகள், பொது வகைகள் என்று அதில் எல்லாம் முறையாக வகுக்கப்பட்டிருக்கின்றன. வானியலின் கைப்பிடியை உதறிய முதல் முழு முக்கோணவியல் நூல் எது என்று கேட்டால் நான் இதையே சொல்வேன்.

ஆனால் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கும், அங்கிருந்து காலனிகளின் வழியாக நம் வகுப்பறைக்கும் வந்த மரபு வேறொரு கையெழுத்துப் பிரதியிலிருந்து கிளம்பியது.

யோகானஸ் முல்லர் 1436-இல் ஃபிராங்கோனியாவின் கோனிக்ஸ்பெர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஊர்ப்பெயரின் லத்தீன் வடிவமான ரெஜியோமொன்டானஸ் என்பதே அவருக்கு நிலைத்தது. வியன்னாவில் அவருடைய ஆசிரியர் பாய்யர்பாக். 1460-இல் வியன்னாவுக்கு வந்த கார்டினல் பெஸாரியோன் 'அல்மஜெஸ்ட்'டுக்கு ஒரு சுருக்கம் எழுதித் தரும்படி பாய்யர்பாக்கைக் கேட்டார். பாதி வேலையில் 1461-இல் பாய்யர்பாக் இறந்துபோக, மாணவர் எஞ்சியதை முடித்தார். இந்த வேலையில்தான் அவருக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். தாலமியைப் படிக்க வருகிற மாணவர் தடுக்கி விழுவது கோள்களின் கொள்கையில் அல்ல; முக்கோணத்தில். 1460-களின் முற்பாதியில் அவர் எழுதிய 'எல்லா வகை முக்கோணங்களையும் பற்றி' என்ற நூல் அந்தத் தடுக்கலுக்கு மருந்து.

ஐந்து பாகங்கள். முதல் இரண்டும் தளம், பின் மூன்றும் கோளம். இந்தப் பங்கீடே நூலின் நோக்கத்தைக் காட்டிவிடுகிறது. முதல் பாகம் அளவு, விகிதம் என்று மெதுவாகத் தொடங்கிச் செங்கோண முக்கோணத்துக்கு வருகிறது. இரண்டாம் பாகத்தின் வாசலில் தளச் சைன் விதி. மூன்றாம் பாகம் கோள வடிவியல். நான்காவது கோள முக்கோணங்களின் சைன் விதியும் அதன் விளைவுகளும். ஐந்தாவது குட்டையானது, ஆனால் சரக்கு அங்கேதான் இருக்கிறது.

அவர் பாடம் நடத்தும் முறையைக் கவனிக்க வேண்டும். முதலில் தேற்றம், பிறகு நிரூபணம். அதோடு நிற்காமல், பல தேற்றங்களுக்குச் செய்முறையை எண்களோடு போட்டுக் காட்டுகிறார். பக்கம் இத்தனை என்று வைத்துக்கொள், இதை இதனால் பெருக்கு, அட்டவணையில் இந்த எண்ணுக்கு எதிரே உள்ள வில்லை எடு என்கிறார். யூக்ளிடின் மரபில் எண் கிடையாது. வணிகக் கணக்கு நூல்களில் நிரூபணம் கிடையாது. இரண்டையும் ஒரே பக்கத்தில் உட்காரவைத்தது இந்த நூலின் பெரிய காரியம் என்பது என் கருத்து. இரண்டாம் பாகத்தில் ஓரிடத்தில் வடிவியல் வழி கைவிடவே, தயங்காமல் இயற்கணிதத்தைக் கூப்பிட்டு இருபடிச் சமன்பாடாக்கித் தீர்க்கிறார். கறாரான வடிவியல் ஆசிரியர் ஒருவர் செய்யத் துணியாத காரியம் அது.

நான்காம் பாகத்தின் முடிவில் தள முக்கோணத்தில் பழகியவரைத் திகைக்க வைக்கும் செய்தி ஒன்று வருகிறது. மூன்று கோணங்களும் தெரிந்தால் மூன்று பக்கங்களும் தெரிந்துவிடும் என்கிறார். தளத்தில் இது நடக்காது. 60, 60, 60 பாகை கொண்ட முக்கோணம் விரல்நகத்தின் அளவிலும் இருக்கலாம், மைதானத்தின் அளவிலும் இருக்கலாம். ஒரே கோளத்தின் மேல் அப்படி முடியாது. அங்கே முக்கோணம் பெரிதாகப் பெரிதாகக் கோணங்களின் கூடுதலும் 180 பாகையைத் தாண்டி வளர்கிறது. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை இறங்கி, அதன்மேல் கால்வட்டம் நடந்து, மறுபடி துருவத்துக்கு ஏறினால் மூன்று கோணங்களும் செங்கோணம், கூடுதல் 270 பாகை. அளவு மாறினால் வடிவமும் மாறிவிடும் என்பதால் ஒத்த முக்கோணம் என்ற வசதியே கோளத்தில் இல்லை. நிலம் அளப்பவரின் மணல் வித்தை வானத்தில் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இதுதான் விடை.

ஐந்தாம் பாகத்தின் இரண்டாம் தேற்றம் இன்றைய பெயரில் கோளக் கோசைன் விதி. அவர் கோசைனைத் தொடவில்லை. ஆரத்திலிருந்து கோசைனைக் கழித்தால் கிடைக்கும் வெர்சைன் என்ற அளவால் எழுதினார். இரண்டு பக்கங்களும் இடைக்கோணமும் தெரிந்தால் மூன்றாம் பக்கம். மூன்று பக்கங்களும் தெரிந்தால் கோணம்.

நூலில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. டேன்ஜென்ட் இல்லை. செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்கள் தெரிந்திருந்தால் நாம் ஒன்றை மற்றதால் வகுத்து, அட்டவணையைப் பார்த்து, கோணத்தைச் சொல்லிவிடுவோம். அவர் இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, கர்ணத்தைக் கண்டு, அதன்பிறகு சைனுக்கு வரவேண்டும். இத்தனைக்கும் 1467-இல் சோதிடக் கணக்குகளுக்காக அவரே தயாரித்த வேறொரு நூலில் டேன்ஜென்ட் அட்டவணை இருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்து பொருத்த அவருக்குத் தோன்றவில்லை அல்லது நேரம் வாய்க்கவில்லை.

இன்னொரு குறை நேர்மை பற்றியது. நான்காம் பாகத்தின் முக்கியத் தேற்றங்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த ஜாபிர் இப்னு அஃப்லாஹ் எழுதியவற்றோடு நெருங்கி ஒட்டியவை. ஜாபிரின் நூலைக் கிரெமோனாவின் ஜெரார்டு லத்தீனில் பெயர்த்திருந்தார். ரெஜியோமொன்டானஸ் அதை நன்றாக அறிந்தவர். ஆனால் பெயரைச் சொல்லவில்லை. நூல் அச்சேறிய அதே நூற்றாண்டில் கார்டானோ இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். பாடநூல் எழுதுபவர்கள் கடனைச் சொல்லாமல் விடுவது இன்றும் நடக்கிற காரியம்தான். என்றாலும் அரபு வேர் இத்தனை காலம் பார்வையில் படாமல் கிடந்ததற்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

1471-இல் நியூரம்பெர்கில் குடியேறிய ரெஜியோமொன்டானஸ் சொந்த அச்சகமே நடத்தினார். தாம் அச்சிடப்போகும் நூல்களின் பட்டியலில் முக்கோண நூலையும் சேர்த்திருந்தார். ஆனால் நாட்காட்டிச் சீர்திருத்தத்துக்காக ரோமுக்குப் போனவர் 1476-இல், 40 வயதில், அங்கேயே இறந்தார். பிரதி கைமாறிக் கைமாறி, யோகானஸ் ஷோனரின் பதிப்பில் 1533-இல்தான் பெட்ரேயுஸின் நியூரம்பெர்க் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. எழுதி ஏறக்குறைய 70 ஆண்டுகள்.

இதே காலத்தில்தான், 1530-ஐ ஒட்டி, கேரளத்தில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் 'யுக்திபாஷா' எழுதினார். ஜ்யாவுக்கான முடிவிலித் தொடரை நிரூபணத்தோடு விளக்கும் நூல் அது. கணிதத்தின் ஆழத்தில் நியூரம்பெர்க் நூலைவிட வெகுதூரம் முன்னே நிற்பது. ஆனால் அது குருவிடமிருந்து சீடருக்கு ஓலையில் போனது. மற்றது அச்சகத்திலிருந்து சந்தைக்குப் போனது. பின்னால் வந்த வேறுபாட்டில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த இரண்டு பயண வழிகள்தான்.

சந்தைக்குப் போன பிரதிகளில் ஒன்று யாரிடம் சேர்ந்தது என்று நமக்குத் தெரியும். 1539-இல் விட்டன்பெர்கிலிருந்து ஃபிரவுன்பர்க் நகருக்கு ஓர் இளம் பேராசிரியர் முதிய கோப்பர்நிக்கஸைப் பார்க்கப் போனார். பெயர் ரெட்டிகஸ். பரிசாகக் கொண்டுபோன நூல்களில் 1533 பதிப்பும் இருந்தது. 1542-இல் கோப்பர்நிக்கஸ் எழுதிய முக்கோணப் பகுதியைத் தனிச் சிறுநூலாக ரெட்டிகஸ் அச்சிட்டார். தள முக்கோணம், கோள முக்கோணம் இரண்டும் தலைப்பிலேயே இடம்பெற்றன. அடுத்த ஆண்டு சூரியனை மையத்தில் வைத்த முழு நூல் வெளிவந்தது. அச்சிட்டவர் அதே பெட்ரேயுஸ்.

ரெட்டிகஸின் சொந்தப் பங்கு இதைவிடக் கனமானது. 1551-இல் லைப்சிக்கில் வந்த அவருடைய மெலிந்த நூலில் வட்டம் இல்லை, வில் இல்லை, நாண் இல்லை. செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைக் கொண்டே ஆறு சார்புகளும் வரையறுக்கப்படுகின்றன. எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், கர்ணம் என்று நம் மாணவர்கள் மனப்பாடம் செய்வது அங்கிருந்து வருகிறது. வானத்தைத் தொடாமலே முக்கோணவியலுக்குள் நுழைய முதன்முதலாக ஒரு கதவு திறந்தது. அதன்பின் அவர் வாழ்நாளெல்லாம் அட்டவணையிலேயே கழிந்தது. 10 விகலை (60 விகலை ஒரு கலை) இடைவெளியில், பத்து இலக்கத் துல்லியத்தில், கூலிக்குக் கணக்கர்களை அமர்த்திச் செய்த வேலை. 1574-இல் அவர் இறந்தபோதும் அது முடியவில்லை. மாணவர் வாலன்டின் ஓட்டோ அதை முடித்து 1596-இல் வெளியிட்டார். 90 பாகையை நெருங்கும் இடங்களில் டேன்ஜென்டிலும் சீகண்டிலும் பிழைகள் மலிந்திருந்தன.

அந்தப் பிழைகளைத் திருத்தியவர் ஒரு பாதிரியார். பார்த்தலோமேயுஸ் பிட்டிஸ்கஸ், ஹைடல்பெர்கில் பலட்டினேட் அரசவையின் போதகர். கணிதம் அவருக்குப் பொழுதுபோக்கு. 1595-இல் வேறொருவரின் கோளவியல் நூலுக்குப் பின்னிணைப்பாக அவர் எழுதிய சிறு கட்டுரையின் தலைப்பில்தான் 'டிரிகோனோமெட்ரியா' என்ற பெயர் முதலில் அச்சில் வருகிறது. பின்னிணைப்பாகப் பிறந்தது 1600-இல் தனிநூலாக வளர்ந்தது. தளமும் கோளமுமாக ஐந்து பாகங்கள், பிறகு ஆறு சார்புகளின் அட்டவணை, மூன்றாவதாகப் பயிற்சிகளின் தொகுதி. அந்தத் தொகுதியைப் பாருங்கள். வானியலும் சூரியக் கடிகாரமும் இருக்கின்றன, ஆனால் அவற்றோடு நில அளவை, கோபுர உயரம், புவியியல் எல்லாம் சரிசமமாக உட்கார்ந்திருக்கின்றன. நம் கொடிக்கம்பத்தின் பூர்வீகம் இங்கே. ரெஜியோமொன்டானஸின் வாசகர் வானியல் மாணவர்; பிட்டிஸ்கஸின் வாசகர் யாராகவும் இருக்கலாம்.

கடலோடியாகவும் இருக்கலாம். 1614-இல் ரால்ஃப் ஹேண்ட்சன் இந்த நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது கப்பலோட்டும் கணக்குகளைத் தாமே சேர்த்தார். அதே ஆண்டு எடின்பரோவில் நேப்பியரின் மடக்கை நூல் வந்தது. மடக்கை என்றால் பெரிய எண்களைப் பெருக்கும் குறுக்குவழி என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். நேப்பியர் தந்த அட்டவணையோ எண்களின் மடக்கை அல்ல, சைன்களின் மடக்கை. கோள முக்கோணத்தில் சைனைச் சைனால் பெருக்கிப் பெருக்கிக் களைத்தவர்களுக்காகச் செய்யப்பட்டது. செங்கோணக் கோள முக்கோணத்துக்கான பத்துச் சூத்திரங்களை ஒரே நினைவு விதியில் அடக்கும் உத்தியும் அதே நூலில்தான் இருக்கிறது. எட்வர்ட் ரைட் செய்த ஆங்கிலப் பெயர்ப்பு, அவர் இறந்தபின் 1616-இல் வெளிவந்தது. அவர் மகன் அதைக் காணிக்கையாக்கியது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. கம்பெனிக்குக் கணிதத்தின் மேல் காதல் ஒன்றும் இல்லை. கப்பல்கள் கரைசேர வேண்டும், அவ்வளவுதான்.

கடலிலும் வானத்திலும் கோளம் கோலோச்சியபோது தரையில் அது மறைந்தே இருந்தது. முக்கோணங்கள் பெரிதானபோது அங்கும் தலைகாட்டியது. 1802-இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையில் மலைக்கு மலை பாயும் பக்கங்கள் பல மைல்கள் நீண்டன. ஒவ்வொரு பக்கமும் 50 கிலோமீட்டர் கொண்ட முக்கோணத்தில் கோணங்களின் கூடுதல் 180 பாகையைவிட ஐந்தரை விகலை கூடுதலாக வரும். தியோடலைட் பிடிக்கக்கூடிய அளவு அது. பிழை என்று தள்ளிவிட முடியாது. 1787-இல் லெஜாந்த்ர் இதற்கு அழகான வழி சொல்லியிருந்தார். அந்த மிகையை மூன்றாகப் பங்கிட்டு ஒவ்வொரு கோணத்திலிருந்தும் ஒரு பங்கைக் கழித்துவிடு, பிறகு தள முக்கோணமாகவே கணக்குப் போடு. கோளத்துக்கு ஏறும் படிக்கட்டாக வந்த தளம், கோளத்தின் வேலையைத் தானே செய்துகொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிவினை நடந்தது. கேம்பிரிட்ஜில் உட்ஹவுஸ் 1809-இல் எழுதிய பாடநூல் தளத்தையும் கோளத்தையும் ஒரே அட்டைக்குள் வைத்திருந்தது. 50 ஆண்டுகள் கழித்து, 1859-இல், டாட்ஹன்டர் இரண்டையும் இரு தனி நூல்களாக எழுதினார். தேர்வுகளும் அதற்கேற்பப் பிரிந்தன. தளம் எல்லோருக்கும், கோளம் சிலருக்கு. 1893-இல் வந்த எஸ்.எல்.லோனியின் நூல் தளத்தோடு நின்றது. கும்பகோணத்தில் பள்ளி மாணவரான ராமானுஜன் ஒரு கல்லூரி மாணவரிடம் இரவல் வாங்கிக் கரைத்துக் குடித்தது இந்த நூலைத்தான். அதன் இரண்டாம் பாகத்தில் கலப்பெண்கள் இருந்தன, முடிவிலித் தொடர்கள் இருந்தன. அவருக்கு வேண்டியது அதில் கிடைத்தது. ஆனால் இந்தக் கணக்கு எதற்காகப் பிறந்ததோ அந்தக் கோளம் அதில் இல்லை. யாரும் அதைக் குறையாகக் கருதவும் இல்லை.

பாடத்திட்டத்திலிருந்து போனாலும் புழக்கத்திலிருந்து போகவில்லை. இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் தூரம் என்ன என்ற கேள்விக்கு, வடதுருவத்தை மூன்றாம் முனையாக வைத்து முக்கோணம் போட்டுக் கோசைன் விதியைப் பயன்படுத்தலாம். சிறு தூரங்களில் அது காலை வாரிவிடும். ஒரு கலையின் கோசைனை ஏழு இலக்க அட்டவணையில் தேடினால் 1.0000000 என்றுதான் இருக்கும். ஒரு கலை, அதாவது ஒரு கடல் மைல், இடைவெளியில் நிற்கும் இரண்டு கப்பல்களும் ஒரே இடத்தில் இருப்பதாக அது சொல்லிவிடும். வெர்சைனில் எழுதினால் இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் ஒன்றிலிருந்து விலகிய அந்தச் சிறு மீதியைத்தான் அது நேரடியாக அளக்கிறது. போர்ட்ஸ்மத் கடற்படைக் கல்லூரியின் ஜேம்ஸ் இன்மன் 1835-இல் வெர்சைனைப் பாதியாக்கி ஹேவர்சைன் என்று பெயரிட்டு மாலுமிகளின் அட்டவணையில் சேர்த்தார். வரைபடச் செயலிகளுக்கு நிரல் எழுதுபவர்கள் தூரம் காண எடுப்பதும் பெரும்பாலும் அதே ஹேவர்சைன் சூத்திரம்தான். அதை விரித்து எழுதினால் 1533 பதிப்பின் ஐந்தாம் பாகத்து இரண்டாம் தேற்றம் வருகிறது. கணினியும் எண்களை ஏதோ ஓர் இலக்கத்தோடு வெட்டித்தானே ஆகவேண்டும்.